நீர்க்கட்டி ஆண்டவர் விரலைத் தூக்கியது

இது நடந்த கதை. அரியலூர் ரயிலடியில் இருக்கிற செல்வம்மாள் ஆப்பக்கடை அடுப்பின் மேல் சத்தியமாக, போன மாசி மாதம் நடந்த கதை. ஒரு சொல் பொய் கிடையாது. அரைச் சொல் கூடக் கிடையாது.

சரி, செல்வம்மாள் கரண்டியைக் காட்டி முறைக்கிறாள். அவள் அடுப்பின் மேல் பொய்ச் சத்தியம் செய்தால் ஆப்பம் ஓரத்தில் பிய்ந்து போகுமாம். அதனால் உண்மையைச் சொல்லிவிடுவோம். கதை கொஞ்சம் இழுக்கப்பட்டிருக்கிறது. எவ்வளவு என்றால், ஆப்ப மாவில் சோடா உப்பு போடுகிற அளவு. மாவு உண்மை. பொங்கினது மட்டும் நம் கைவரிசை.

நம்பாதவர்களுக்குச் சாட்சி இங்கேயே இருக்கிறது. இதோ, இரண்டாவது ஆப்பத்தில் இருக்கிற செல்லதுரை, ஜட்கா ஓட்டுகிறவன், அன்றைக்கு மைதானத்தின் கிழக்கு ஓரத்தில் நின்று பார்த்தவன். அவனுக்கு எதிரே ஐந்தாவது ஆப்பத்தில் இருக்கிற பெரியசாமி, பண்ணையில் நெல் அளக்கிறவன், மேற்கு ஓரத்தில் நின்று பார்த்தவன். இரண்டு பேரும் பார்த்தது ஒரே ஆட்டம்தானா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

கதை ஆண்டவரைப் பற்றியது. சாமி இல்லை, நம்ம ஏரி நீர்க்கட்டி ஆண்டவர். மடையைத் திறப்பதும் அடைப்பதும், யார் வயலுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்று பங்கு பிரித்து விடுவதும் அவர் வேலை. வயது ஐம்பது. உயரம் எப்படி என்றால், ஏரிக்கரைப் பனைமரம் அவரை 'அண்ணே' என்று கூப்பிடும். சதை கிடையாது. அவர் வேட்டியைக் கட்டுவதில்லை. வேட்டிதான் பறந்துவிடாமல் அவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லை அவருக்கு. ஊர் நிலம் முழுக்க அவர் கையில் குடித்தது. ஆனாலும் நல்ல பெயர் கிடைத்ததா? மேலக்கரைக்காரன் 'கீழக்கரைக்கு அதிகம் விட்டுட்டான்' என்பான். கீழக்கரைக்காரன் அதையே திருப்பிச் சொல்லுவான். இரண்டு பேரும் சமமாகத் திட்டினால்தான் தண்ணீர் சமமாகப் போயிருக்கிறது என்று ஆண்டவர் கணக்கு வைத்திருந்தார்.

அவரிடம் சட்டம் ஒன்றே ஒன்று. முறை வந்தவன் மடைக்கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்று, 'எங்க முறைங்க, தொறங்க' என்று கேட்க வேண்டும். கேட்காதவனுக்குத் திறக்க மாட்டார், பயிர் கருகிச் சாம்பலானாலும் சரி. கேட்டவனுக்கு மறுக்க மாட்டார், கலெக்டரே குறுக்கே படுத்தாலும் சரி.

ஒரு தடவை வீராயி என்று ஒரு கைம்பெண், அரைக்காணிக்காரி, மடைக்கு வந்தாள். அவள் குரல் எறும்பு இருமினால் எப்படியோ அப்படி. கரையில் பண்ணை ஆட்கள் பத்துப் பேர் சத்தம் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவள் ஏதோ முணுமுணுத்தாள். ஆண்டவர் திறந்துவிட்டார்.

"யோவ், அவ கேட்டது எங்க யாரு காதுலயும் விழலியே!" என்று பண்ணை ஆட்கள் குதித்தார்கள்.

"மடை ஒங்ககிட்டயா இருக்கு? எங்கிட்ட இருக்கு. எங் காதுல விழுந்தாப் போதும்" என்றார் ஆண்டவர்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பெரியசாமி, நீ முக்கியமாக ஞாபகம் வை. அந்தப் பத்துப் பேரில் நீயும் ஒருத்தன்.

இப்போது கிரிக்கெட்டுக்கு வருவோம். அரியலூருக்குக் கிரிக்கெட்டைக் கொண்டுவந்தவர் பண்ணை சிவசுப்பிரமணியன். திருச்சிக்குப் படிக்கப் போனார். படிப்பு ரயிலைத் தவறவிட்டுவிட்டது; பேட்டும் பந்தும் ஸ்டம்பும் தேங்காய்நார்ப் பாயும் அவரோடு வந்து இறங்கின. அந்தப் பாயைத் தரையில் விரித்து, நாலு பக்கமும் முளையடித்து, அதன் மேல்தான் ஆட்டம். பேட் அவருடையது, பாய் அவருடையது, மைதானம் அவருடைய கடலைக் கொல்லை, அம்பயர் அவருடைய கணக்குப்பிள்ளை. இப்படி இருக்கும்போது அவர் எப்படி அவுட் ஆவார்? அவராகச் சலித்துப் போனால்தான் உண்டு.

அதிலும் அவர் கால் இருக்கிறதே, கால்! பந்து வந்தால் பேட்டுக்கு முன்னால் கால் வந்து நிற்கும். பேடு கட்டின அந்தக் காலுக்குப் பின்னால் மூன்று ஸ்டம்பு என்ன, ஒரு வண்டியும் இரண்டு மாடும் மறைந்து நிற்கலாம். ஸ்டம்புக்குப் போகிற பந்தைக் காலால் மறித்தால் அவுட் என்பது சட்டம். ஆறு வருஷமாக அந்தக் காலில் பந்து பட்டுக்கொண்டே இருந்தது. கணக்குப்பிள்ளை ஆறு வருஷமாக வானத்தில் பருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

பெரம்பலூர்க்காரர்கள் ஒவ்வொரு வருஷமும் வந்து ஆடுவார்கள். ஒவ்வொரு வருஷமும் பாதி ஆட்டத்தில் அடிதடி ஆகும். ஒரு வருஷம் ஸ்டம்பு மூன்றும் மூன்று பேர் மண்டையில் முறிந்தன. அந்த வருஷம் ஸ்கோர் எழுதும் நோட்டில் ரன் எழுதவில்லை, தையல்தான் எழுதினார்கள்.

இந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்து பாலசுந்தரம் சார் ஒரு கடிதத்தோடு ரயிலடிக்கு ஓடிவந்தார். சார்தான் நம் டீமுக்கு ஸ்கோர் எழுதுகிறவர்.

"போர்டுலேருந்து ஆள் வராரு!" என்றார், மூச்சு வாங்க.

"எந்த போர்டு சார்? ஜில்லா போர்டா? ரோடு போடப் போறாங்களா?" என்று கேட்டான் செல்லதுரை. மறுக்காதே செல்லதுரை, நீதான் கேட்டாய்.

"ரோடு இல்லடா. இந்தியா முழுசுக்கும் கிரிக்கெட்டுக்குன்னு ஒரு போர்டு இருக்கு. ஆட்டம் பட்டணத்துலயே கெடந்தாப் போதாது, சின்ன ஊருக்கும் போவணும், எல்லா ஊர்லயும் ஒரே சட்டத்துல ஆடணும்னு சொல்றாங்க. அதுக்கு மொதல்ல அம்பயர் வேணும். அரியலூர்ல ஒரு ஆளைக் காட்டுங்க, மேட்ச்சுல வெச்சே பரிட்சை பண்றோம்னு எழுதியிருக்கு. அந்த ஆளு பாஸானா நம்ம கிளப்பு பேரும் லிஸ்ட்ல ஏறும், நம்ம ஆட்டமும் கணக்குல வரும்."

யாரை நிறுத்துவது? கணக்குப்பிள்ளை என்றால் பெரம்பலூர்க்காரர்கள் பஸ் ஏறமாட்டோம் என்றார்கள். பெரம்பலூர் ஆள் என்றால் நாம் பாயை விரிக்கமாட்டோம் என்றோம். கடைசியில் சார்தான் சொன்னார்: "ரெண்டு பக்கமும் திட்டு வாங்கிட்டு வெயில்ல நிக்கற ஆளு நம்மூர்ல ஒருத்தர்தானே இருக்காரு?"

பண்ணையும் உடனே சரி என்றார். நீர்க்கட்டிக்கு வருஷக் கூலி நெல் அவர் களத்திலிருந்துதானே முதலில் அளக்கிறது? கணக்குப்பிள்ளைக்குப் பதில் இன்னொரு பருந்து பார்க்கிற ஆள் கிடைத்தான் என்று நினைத்தார்.

ஆண்டவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சார் சட்டப் புத்தகத்தை வாசிக்க வாசிக்கக் காதாலேயே விழுங்கினார். மொத்தம் நாற்பத்தேழு சட்டம். ஒரு மாதத்தில் நாற்பத்தேழும் நெட்டுரு. தூக்கத்தில் புரண்டு படுத்தால் 'நோ பால்' என்பார். மனைவி பஞ்சவர்ணம் குழம்புச் சட்டியைக் கோட்டுக்கு வெளியே இறக்கிவைத்தால் 'வைட்' என்று இரண்டு கையையும் நீட்டுவார்.

ஆனால் ஒரு சட்டத்தைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"அவுட்டான்னு யாராச்சும் கேட்டாத்தான் அம்பயர் சொல்லணும். கேக்காம சொல்லக் கூடாது. அதையும் அடுத்த பந்து போடறதுக்குள்ள கேட்டுடணும்" என்று சார் வாசித்தார்.

"சார், இது நம்ம மடைச் சட்டமாச்சே!" என்றார் ஆண்டவர். "இதை வெள்ளைக்காரன் நம்ம ஏரிக்கரையிலேருந்துதான் எடுத்துட்டுப் போயிருக்கான்."

"எதுக்குங்க ஒங்களுக்கு இந்த வேலை?" என்று பஞ்சவர்ணம் கேட்டாள். "காலு கடுக்க நிக்கறதுக்கு ஏரிக்கரை பத்தாதா?"

ஆண்டவர் கண் மூலையிலிருந்த தகரப் பெட்டிக்குப் போனது. அவர் பெயர் எழுதின காகிதம் ஐம்பது வருஷத்தில் ஒன்றே ஒன்றுதான் அவர் வீட்டுக்கு வந்திருந்தது. பட்டியிலிருந்து அவர் ஆடு தப்பிப் போய் யார் வரப்பையோ மேய்ந்ததற்கு அபராதச் சீட்டு.

"பாஸானா ஒரு காயிதம் தருவாங்களாம் புள்ள. அதுல எம் பேரு இருக்குமாம். 'இந்தாளு ஞாயமா சொல்லுவான்'னு போட்டிருக்குமாம்" என்றார்.

பஞ்சவர்ணம் எழுந்து உள்ளே போனாள். ஆறு புளியங்கொட்டையைத் துடைத்து எடுத்துக் கொடுத்தாள், ஓவருக்கு ஆறு பந்து எண்ணிக்கொள்ள.

மேட்ச் நாள் வந்தது. கூட்டம் எவ்வளவு தெரியுமா? வேப்பந்தட்டையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வரதராஜன்பேட்டையிலிருந்து நடந்து வந்தார்கள். கூட்டம் நின்ற கனத்தில் கடலைக் கொல்லை ஒரு முழம் இறங்கிவிட்டது. இப்போதும் மழை பெய்தால் அங்கேதான் தண்ணீர் தேங்குகிறது, போய்ப் பாருங்கள்.

போர்டு சார் வந்தார். அவர் பெயர் என்னவோ நீளமாக இருந்தது. ஊர் அவருக்கு 'போர்டு சார்' என்று பெயர் வைத்துவிட்டது. சந்தனப் பொட்டு, கறுப்புக் குடை, கையில் ஒரு கறுப்பு நோட்டு. குடை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

ஆண்டவர் வெள்ளைக் கோட்டோடு இறங்கினார். ஆஸ்பத்திரி கம்பவுண்டரிடம் ஒரு நாளைக்கு இரவல் வாங்கினது. டிஞ்சர் வாசனை அடிக்கும். கோட்டு அவர் இடுப்போடு நின்றுவிட்டது. கம்பவுண்டர் மூன்றரை அடி.

பெரம்பலூர்க்காரர்கள் வந்த பஸ் கரி பஸ். யுத்தம் முடிந்து நாலு வருஷம் ஆகியும் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகிற பஸ். பாதி வழியில் அடுப்பு அணைந்து, விசிறி விசிறி, கடைசியில் ஒருத்தனைப் பஸ்ஸுக்குக் காவல் வைத்துவிட்டுப் பத்துப் பேர் கட்டைவண்டியில் வந்து சேர்ந்தார்கள். முகமெல்லாம் கரி. ஒரு ஆள் குறைகிறது.

"பரவால்ல, நம்ம அமாவாசையை எடுத்துக்குங்க" என்று பண்ணை தாராளமாகச் சொன்னார்.

அமாவாசை பண்ணையாள். முப்பது வயது, களத்துமேட்டில் போர் அடிக்கிறவன். சாயங்காலத்தில் பண்ணைக்குப் பழக்கத்துக்குப் பந்து போடுவதும் அவன்தான். ஆறு வருஷம் போட்டிருக்கிறான். பண்ணையின் கால் எங்கே வரும் என்பது பண்ணைக்கே தெரியாது, அமாவாசைக்குத் தெரியும். ஆனால் அவனை ஒரு மேட்ச்சிலும் சேர்த்ததில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவை, அதுவும் எதிர்க்கட்சியில், இரவலாக. கம்பவுண்டர் கோட்டு மாதிரி.

காலையில் பெரம்பலூர் ஆடி எழுபத்தொன்பது ரன் எடுத்தது. ஆண்டவர் நன்றாகத்தான் நின்றார். ஒரே ஒரு சங்கடம். பஞ்சவர்ணம் கொடுத்த புளியங்கொட்டை வறுத்த கொட்டையாகப் போய்விட்டது. கோட்டுப் பையில் கைவிட்டுக்கொண்டே நின்றவர், பரபரப்பில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்துவிட்டார். ஆறு கொட்டை ஐந்தாகிவிட்டது. ஓவரும் ஐந்து பந்தில் முடிந்துவிட்டது.

போர்டு சார் நோட்டைத் திறந்து ஏதோ எழுதினார்.

ஆண்டவர் அதைப் பார்த்துவிட்டார். இன்னொரு தப்பு, அவ்வளவுதான், காகிதம் போச்சு. உடனே ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கிக் கணக்கைச் சரிசெய்துகொண்டார். கல்லைக் கடிக்க முடியாதே.

மத்தியானம் பண்ணை வீட்டில் விருந்து. இரண்டு ஊர் ஆட்டக்காரர்களுக்கும் ஆட்டுக்கறி, நெய்ச்சோறு. பண்ணை பெரம்பலூர்க்காரர்கள் பத்துப் பேரையும் கைபிடித்து உட்காரவைத்து, இலையில் மலை கட்டினார். அமாவாசைக்கு இலை போடவில்லை. அவன் கொல்லைப்புறம் போய்த் தூக்குச்சட்டியில் கொண்டுவந்த கூழைக் குடித்துவிட்டு வந்தான். ஆண்டவரும் சாப்பிடவில்லை. யார் வீட்டிலும் கை நனைத்துவிட்டு மடைக்குப் போகிற பழக்கம் அவருக்கு இல்லை.

சாப்பிட்டு எழுந்ததும்தான் பண்ணை தன்னுடைய பழைய வித்தையைக் காட்டினார். வெள்ளித் தட்டில் கொழுந்து வெற்றிலை. ஒவ்வொருத்தருக்கும் தன் கையாலேயே சுண்ணாம்பு தடவி, கொட்டைப்பாக்கு வைத்து, பத்து இலையை ஒன்றாக மடித்து வாயருகே நீட்டினார். மறுக்க முடியுமா? வாங்கி அதக்கிக்கொண்டார்கள். அதக்கின கையோடு "கெளம்புங்க, கெளம்புங்க, ஆட்டம் நேரமாவுது" என்று கிளப்பிவிட்டார்.

வருஷா வருஷம் இதுதான் நடக்கும். சாப்பாடு முடிந்ததும் பண்ணை முதல் ஆளாக ஆட இறங்குவார். எதிர்க்கட்சிக்கு வாய் நிறைய வெற்றிலை. அவர் கொடுத்ததை அவர் கண்ணெதிரே துப்பினால் மரியாதையா? விழுங்கவும் முடியாது. அவர்கள் மென்று முடிக்கிறதற்குள் பண்ணை முப்பது ரன் தாண்டிவிடுவார். அவுட் கேட்க வாயைத் திறந்தால் தேங்காய்நார்ப் பாய் சிவப்பாகிவிடும்.

முதல் ஓவர். பெரம்பலூரின் வேகப் பந்துக்காரன் நாலு அடி ஓடிப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். உள்ளே போன ஆடு எழுந்து நின்றுகொண்டதோ என்னவோ. அவர்களுடைய கேப்டன் சுற்றிப் பார்த்தான். மைதானத்தில் ஓடக்கூடிய வயிறு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பேச முடியாமல் 'ம்ம்' என்று சொல்லிப் பந்தை அமாவாசை கையில் திணித்தான்.

அமாவாசை பந்தைப் பார்த்தான். பண்ணையைப் பார்த்தான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். பண்ணைக்கு முன்னால் தலையில் துண்டு இருக்கக் கூடாதல்லவா? ஒரு கக்கத்தில் துண்டு, இன்னொரு கையில் பந்து. அப்படியே ஓடிவந்தான்.

ஓடிவந்தான் என்று சொல்வது தப்பு. வந்தான் என்பது தெரிவதற்குள் வந்துவிட்டான். பந்து கையைவிட்டுப் போனபோது காற்று கிழிந்த சத்தம் ஜெயங்கொண்டத்தில் கேட்டதாம். கிழிந்த காற்றை இன்னும் தைக்கவில்லை. பாயில் விழுந்தது, சீறிக்கொண்டு உள்ளே வந்தது. பண்ணையின் கால் வழக்கம்போல் முன்னால் வந்து நின்றது. நடு ஸ்டம்புக்கு நேர் முன்னால், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, 'தொப்'!

மைதானம் முழுக்க எட்டிப் பார்த்தது.

பத்துப் பேரும் வாயைத் திறக்கப் போனார்கள், மூடிக்கொண்டார்கள். விக்கெட் கீப்பர் இரண்டு கையையும் தூக்கி "ம்ம்ம்ம்!" என்றான். கேப்டன் "ங்ங்ங்!" என்றான். கன்னம் உப்பி, கண் பிதுங்கி, பத்துப் பேரும் எருமை மாட்டுக் கன்றுகள் மாதிரி நின்றார்கள்.

அமாவாசை வாயில் வெற்றிலை இல்லை. ஆனால் எதிரே நிற்கிறவர் எசமான். ஆறு வருஷத்தில் அவருக்கு முன்னால் குரலை உயர்த்தினதில்லை. அவருக்கு முன்னால் பேச வேண்டியிருந்தால் எப்படிப் பேசுவானோ அப்படியே முதுகை வளைத்து, வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஆண்டவர் பக்கம் திரும்பி, எறும்பு இருமுகிற மாதிரி கேட்டான்:

"சாமி, இது எப்படிங்க?"

ஆண்டவர் பந்து விழுந்த இடத்தைப் பார்த்தார். காலைப் பார்த்தார். காலுக்குப் பின்னால் ஸ்டம்பு இருக்க வேண்டிய இடத்தை மனசால் பார்த்தார். அறுவடைக்கு முதலில் நெல் அளக்கிற களம் ஞாபகம் வந்தது. கறுப்பு நோட்டு ஞாபகம் வந்தது. வீராயியின் முணுமுணுப்பும் ஞாபகம் வந்தது.

விரலைத் தூக்கினார். ஏற்கனவே பனைமர உயரம், அதற்கு மேல் கை, அதற்கு மேல் விரல். பறந்துகொண்டிருந்த கொக்கு ஒன்று அதில் உட்காரலாமா என்று யோசித்தது.

பண்ணை நகரவில்லை.

"யோவ் ஆண்டவரு, கைய எறக்கு. யாரும் கேக்கவே இல்லியே!"

"கேட்டாங்கய்யா."

"யாரு கேட்டா? ஒலகத்துல யாரு காதுலயாச்சும் விழுந்துச்சா? கேட்டா 'ஹவுஸ் தட்'டுன்னு கத்திக் கேக்கணும், தெரியுமில்ல?"

"கத்தணும்னு சட்டத்துல இல்லைங்கய்யா. கேக்கணும்னுதான் இருக்கு. எங்கிட்டக் கேக்கணும். எங்கிட்டத்தான் கேட்டாங்க. எங் காதுல விழுந்துச்சு."

பண்ணையின் முகம் பந்தைவிடச் சிவந்தது. "நாளைக்கு மடையில யாரு நிக்கறான்னு பாத்துடறேன்."

"நாளைக்குத்தானுங்களே. இன்னைக்கு நான் இங்க நிக்கறேன். நீங்க அவுட்டுங்கய்யா."

போர்டு சார் குடையை மடக்கி வைத்துவிட்டு எழுந்து நின்றார். உள்ளே வரவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். பேனா மட்டும் திறந்திருந்தது.

பண்ணை அமாவாசை பக்கம் திரும்பினார். "ஏண்டா, நீ கேட்டியா?"

இங்கேதான் கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'இல்லீங்க' என்று அவன் ஒரு சொல் சொன்னால் முடிந்தது. ஆண்டவர் கேட்காமலே அவுட் கொடுத்தவர் ஆகிவிடுவார். பரிட்சை போச்சு, காகிதம் போச்சு, மடையும் போச்சு. ஆண்டவர் அவனைப் பார்க்கவில்லை. விரலை மட்டும் இறக்கவில்லை. விரல் லேசாக வளைந்தது என்று சிலர் சொல்கிறார்கள். அது கொக்கு உட்கார்ந்த கனம்.

அமாவாசை வளைத்த முதுகை நிமிர்த்தினான். கையை மெள்ள வாயிலிருந்து எடுத்தான். அந்தக் கையை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கடைசியில் தலைக்கு மேலே தூக்கிவிட்டான். கக்கத்துத் துண்டு கீழே விழுந்தது.

"கேட்டேங்க!" என்றான். அப்புறம், ஆறு வருஷத்துக்கும் சேர்த்து, "ஹவுஸ் தட்!"

அட, அது சத்தமா? ஸ்டேஷனில் நின்ற கூட்ஸ் வண்டி பச்சைக்கொடி காட்டினதாக நினைத்துக் கிளம்பிவிட்டது. ஏரியில் மீன்கள் கரைக்கு வந்து என்ன என்று பார்த்துவிட்டுப் போயின. ஆலத்தியூர்ப் பக்கம் வெடி வைக்காமலே சுண்ணாம்புக் கல் பிளந்தது. பெரம்பலூர்க்காரர்கள் பத்துப் பேரும் அதிர்ச்சியில் வெற்றிலையை விழுங்கிவிட்டு, அவர்களும் சேர்ந்து கத்தினார்கள். கூட்டம் கத்தியது. பஞ்சவர்ணம் கத்தினாள். எதற்கென்று தெரியாமல் பால்காரன் மாடு கத்தியது.

பண்ணை அந்தச் சத்தத்துக்கு நடுவே நின்றார். ஆண்டவரின் விரலைப் பார்த்தார். பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார், அமாவாசை துண்டை இடுக்கின மாதிரியே. நேரே நடந்து வீட்டுக்குப் போய்விட்டார். பேட்டும் போய்விட்டது. மிச்ச ஆட்டத்தைப் பெரம்பலூர்க்காரர்களின் கயிறு சுற்றின பேட்டால்தான் ஆடினோம். யார் ஜெயித்தது என்று சத்தியமாக யாருக்கும் ஞாபகம் இல்லை. பாலசுந்தரம் சார் குதித்த குதியில் மசிக்கூடு நோட்டின் மேல் கொட்டிவிட்டது.

சாயங்காலம் போர்டு சார் ஆண்டவரைக் கூப்பிட்டார்.

"ஒரு ஓவர்ல அஞ்சு பந்துதான் வந்துச்சே, ஏன்?"

"ஒண்ணைத் தின்னுட்டேங்க" என்றார் ஆண்டவர், தலையைக் குனிந்துகொண்டு.

போர்டு சார் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். ஆனால் பாஸா இல்லையா என்று சொல்லவில்லை. ரயிலேறிப் போய்விட்டார்.

மறுநாள் விடியற்காலையில் ஆண்டவர் மடைக்குப் போனார், வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலேயே. அன்றைக்குப் பண்ணையின் முறை. வழக்கமாக ஆள்தான் வரும். அன்றைக்குப் பண்ணையே வந்து நின்றார். ஏரியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். கணக்குப்பிள்ளையின் பருந்து அங்கேதான் வட்டமிட்டது. ஆண்டவர் மடைப் பலகையில் கைவைத்தபடி சும்மா நின்றார்.

கடைசியில் பண்ணை, "எங்க முறைதான்யா, தொற" என்றார். எறும்பு இருமுகிற மாதிரி.

ஆண்டவர் உடனே திறந்தார்.

பங்குனி கடைசியில் தபால்காரர் வந்தார். ஒரு காகிதம், கீழே முத்திரை. பாலசுந்தரம் சார் ஊர் நடுவில் நின்று வாசித்தார்: அரியலூர் ஆண்டவர், அம்பயர் பரிட்சையில் தேர்ச்சி. கீழே கையால் ஒரு வரி: ஓவருக்கு ஆறு பந்து, தின்னக் கூடாது. பஞ்சவர்ணம் அதை வாங்கி அபராதச் சீட்டு இருந்த தகரப் பெட்டியில் வைத்தாள். வைத்துவிட்டு, அபராதச் சீட்டை எடுத்து அடுப்பில் போட்டாள்.

இவ்வளவுதான் கதை. செல்வம்மா, இன்னும் ஒரு ஆப்பம்.

"கதை நல்லாத்தான் இருக்கு" என்று பெரியசாமி விரலைச் சூப்பினான். "ஆனா எங்க ஐயா அவுட் இல்ல."

"என்னது?" என்று செல்லதுரை தட்டைக் கீழே வைத்தான்.

"விரலைத் தூக்கினது முன்னால. அந்தப் பய கத்தினது பின்னால. கேக்கறதுக்கு முன்னாடியே தூக்கின விரல் செல்லாது. தபால் எத்தனை வந்தாலும் செல்லாது."

"அட கூமுட்டை, மொதல்லயே வாயைப் பொத்திக்கிட்டுக் கேட்டானேடா!"

"நீ கேட்டியா?"

"நான் கெழக்கால நின்னேன், அவன் ஒதடு அசைஞ்சது தெரிஞ்சுது."

"கையால பொத்தியிருந்த ஒதடு ஒனக்கு எப்படிடா தெரிஞ்சுது? நீ கெழக்கால நின்னியா, அவன் வாய்க்குள்ள நின்னியா?"

"ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றாள் செல்வம்மாள். "அந்தப் பந்து ஸ்டம்புக்கே போயிருக்காது. வெளிய போற பந்து அது. நான் பாத்தேன்."

"அக்கா, நீங்க அன்னைக்கு மைதானத்துக்கே வரலியே!"

"வரலேன்னா என்ன? அவரு கதை சொன்னப்ப பாத்தேன்ல? இந்தா பாரு, இது கால்" என்று கரண்டியை நட்டாள். "இது ஸ்டம்பு" என்று மூன்று விறகை நிறுத்தினாள்.

"காலை அங்க வெக்காதீங்க, இன்னும் உள்ள!" என்று செல்லதுரை கரண்டியைப் பிடுங்கினான்.

"கைய எடுடா, எங்க ஐயா காலு அது!" என்று பெரியசாமி மறுமுனையைப் பிடித்து இழுத்தான்.

"டேய், மாவு! மாவு கொட்டுதுடா, பாவிங்களா!"